‘ஃப்ரேசல் வெர்ப்’: இடைச்சொல்வினை எனலாமா?

அன்புடையீர்,

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ‘ஃப்ரேசல் வெர்ப்’ (phrasal verb) என்பார்கள். அதற்குத் தமிழ்ப் பெயராக இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்றொடர்வினை, கூட்டுவினை, ஒட்டுவினை ஆகிய மூன்றில் எதையும் என்னால் முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை. காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய வளவு வீட்டின் முகப்பில், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஆகவே, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் அமர்ந்து எழுதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இச்சொல் கைகொடுக்குமா என்றே முதலில் பார்க்கிறேன்.

சென்ற வாரம் ‘புட் ஆஃப்’ வரும் வாக்கியம் ஒன்றைத் தமிழில் எழுதச் சொன்னேன். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள் என்று வரவேண்டிய இடத்தில், ‘கூட்டத்தை அணைத்து வைத்தார்கள்’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். மின்விளக்கின் சுவிட்சைப் பார்த்து ‘ஆஃப்’ என்ற சொல்லைக் கற்றவன் அவன். ‘புட்’ என்றால் வை, ‘ஆஃப்’ என்றால் அணை என்று இரண்டையும் ஒழுங்காகத்தான் கூட்டியிருக்கிறான். ஆங்கிலத்தில் இத்தகைய வினைகளே அயலாருக்குப் பெருந்தொல்லை தருபவை என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டார் என்று சொன்னதும் பையனின் முகம் தெளிந்தது.

‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரோ அதற்கு 170 ஆண்டுகள் கழித்து, 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகத்தான் பரவியது. அகராதியாசிரியர் ஹென்றி பிராட்லி சொல்லித் தாம் பெற்ற பெயர் என்று ஸ்மித்தே குறித்துள்ளார். பொருளை விளக்காத அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொற்றொடர்வினை ஆக்குவதால் நமக்கு ஊதியமில்லை. ‘வெர்ப் ஃப்ரேஸ்’ எனப்படும் வினைத்தொடரோடு குழம்பவும் செய்யும். கூட்டுவினை என்பதைக் கண்டுபிடி, கைவிடு போன்ற தமிழ் வினைகளுக்கு ஏற்கெனவே வழங்கிவிட்டோம். ஒட்டுவினை கேட்க இனிமையாக இருந்தாலும், ஒட்டியது பிரியாது என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆங்கிலத்திலோ ‘லுக் இட் அப்’ (அதை அகராதியில் தேடிப் பார்) என்று செயப்படுபொருள் நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘லுக் அப் இட்’ என்று எழுதி மதிப்பெண் இழக்கும் பிள்ளைக்கு இந்தப் பெயர் உதவாது.

என் பரிந்துரை இடைச்சொல்வினை என்பது. பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடப்பது, தனக்கென ஓர் இயல்பு இல்லாதது என்று தொல்காப்பிய இடையியலின் முதல் நூற்பா இடைச்சொல்லுக்குக் கூறும் இலக்கணம் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ ஆகியவற்றுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. ‘ரன் அப் எ ஹில்’ என்னும்போது ‘அப்’ குன்றைச் சேர்ந்தது. ஆள் குன்றின்மேல் ஓடுகிறான். ‘ரன் அப் எ பில்’ என்னும்போது அதே ‘அப்’ வினையைச் சேர்ந்துவிடுகிறது; ஆள் ஓடவேயில்லை, கடையில் பற்றை ஏறவிட்டிருக்கிறான். இரண்டாவதை மட்டுமே இடைச்சொல்வினை என்போம். வேற்றுமை உருபும் இடைச்சொல்தானே, பிள்ளைகள் குழம்பமாட்டார்களா என்று மதுரை அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கில இலக்கணத்திலும் அந்தச் சிறுசொற்களின் வகை ஒரு கதம்பக்கூடைதான் என்பதால் இதைப் பெருங்குறையாக நான் கருதவில்லை.

தமிழில் ஒப்பிட்டுக் காட்டவும் இடமுண்டு. ‘டேக் அப்’ என்பதை நாம் மேற்கொள் என்கிறோம். மேலும் கொள்ளும் அப்படியே இருக்கின்றன, வரிசைதான் மாறியிருக்கிறது. கீழ்ப்படி என்று ஆசிரியர் சொன்னால் எவரும் கீழே இறங்கிப் படிப்பதில்லை என்று நான் சொன்னபோது, முகப்பின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்று சிரித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தேன். பர்மாவில் நம்மூரார் நடத்திய வட்டிக்கடைகளில் மேலாள் என்ற பொறுப்பாளரும் அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாளும் இருந்ததைப் போல, வினையை மேலாள் என்றும் இடைச்சொல்லை அடுத்தாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தன் ஐயாவிடம் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுமி, “சார், ‘கிவ்’ என்றால் கொடு, ‘கிவ் அப்’ என்றால் கைவிடு; அப்படியென்றால் ‘கிவ் அப்’பில் வேலையெல்லாம் அடுத்தாள்தானே பார்க்கிறார்?” என்று கேட்டாள். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

‘லுக் அப்’ போல நடுவே இடம் விடுபவற்றைப் பிரியும் இடைச்சொல்வினை என்றும், ‘ரன் இன்டு’ (தற்செயலாகச் சந்தி) போல விடாதவற்றைப் பிரியா இடைச்சொல்வினை என்றும் வழங்கலாம். ‘புட் அப் வித்’ (பொறுத்துக்கொள்) போல இரண்டு இடைச்சொற்கள் தொடர்ந்து வருபவைதாம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘ஈரிடைச்சொல்வினை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வாசித்தபோது எனக்கே நாக்குக் குழறியது. இதைவிடச் சொல்ல எளிதான வடிவம் தோன்றினால் அருள்கூர்ந்து எழுதுங்கள்.