மறு: கேமல் கேஸ், ஸ்னேக் கேஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ஒட்டக நடை, பாம்பு நடை என்று வைத்துவிடலாமே. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதை 'எழுத்துரு மாற்றம்' என்றால் போதும்.

வணக்கம் ஐயா. நிரலில் வைக்கும் பெயருக்குள் இடைவெளி விட முடியாது. அதனால் பல சொற்களைச் சேர்த்து ஒரே பெயராக எழுதும் முறைகள்தான் இந்த கேமல் கேஸும் ஸ்னேக் கேஸும்.

'எழுத்துரு மாற்றம்' வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடாக்கும் கருவிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. 'நடை'யும் உரைநடைப் பக்கம் இழுத்துப் போகும். 'கேஸ்' என்பது அச்சுக்கோப்பவர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் தனித்தனியே போட்டுவைத்த தட்டு. நம் எழுத்தில் அந்தப் பிரிவே கிடையாது, அதைத் தமிழாக்கி என்ன பயன்?

இங்கே நடப்பது புணர்ச்சி. இடைவெளி கெட்டு, அடுத்த சொல்லின் முதலெழுத்து பெரிய எழுத்தாகத் திரிந்தால் கேமல். இடைவெளி இருந்த இடத்தில் அடிக்கோடு தோன்றினால் ஸ்னேக், சிறுகோடு தோன்றினால் கபாப் கேஸ். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் வந்தாயிற்று. நன்னூலார் நிரல் எழுதாததுதான் பாக்கி. என் முன்மொழிவு: திமில் இணைப்பு, அடிக்கோட்டு இணைப்பு, சிறுகோட்டு இணைப்பு. முதற்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பாஸ்கல் கேஸ். பாஸ்கல் என்பது ஒரு நிரல்மொழியின் பெயர், அப்படியே இருக்கட்டும்.

மாற்றும் வேலைக்கு 'பிரித்துக்கோத்தல்' எப்படி? முதலில் பதம் பிரிக்க வேண்டும், பிறகு வேறு முறையில் கோக்க வேண்டும். கோப்பது எளிது, பிரிப்பதில்தான் தலைவலி. வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'பேக்கிரவுண்ட்-கலர்' என்று எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் திமில் இணைப்பாகிறது, ஏனென்றால் அங்கே சிறுகோடு கழித்தல் குறி. இதில் போகவும் திரும்பவும் சிக்கலில்லை. ஆனால் 'எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்' (XMLHttpRequest) என்ற பெயரைப் பாருங்கள். எக்ஸ்எம்எல் முழுக்கப் பெரிய எழுத்து, எச்டிடிபியில் முதலெழுத்து மட்டும். பெரிய எழுத்து ஒவ்வொன்றின் முன்னும் அடிக்கோடு போடும் நிரல் எக்ஸ்எம்எல்லை மூன்று துண்டாக்கிவிடும். சரியாகப் பிரித்துச் சிறிய எழுத்தாக்கினாலும், எந்தச் சொல் முழுக்கப் பெரிதாக இருந்தது என்ற தகவல் போய்விடும். பழைய பெயரை அதிலிருந்து மீட்க முடியாது.

நிரலில் மதிப்பைத் தாங்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சேதி. பைத்தான் 3 நிரல்மொழியில் 'மாணவர்_பெயர்' ஓடும். திமிலுக்கு வழியே இல்லை. கோ (Go) நிரல்மொழியில் இன்னும் மோசம்: பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் வரலாம், புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது எழுத்தாகவே கணக்கில் கொள்வதில்லை. 'கட' செல்லும், 'கடல்' செல்லாது!

---

> திமில் இணைப்பு, அடிக்கோட்டு இணைப்பு

திமில் அருமை. ஆனால் 'இணைப்பு' என்றதும் ஆள் சொடுக்கப் போய்விடுவான், இல்லையென்றால் மின்னஞ்சலில் கோப்பைத் தேடுவான். 'தொடுப்பு' என்று மாற்றினால் ஊரில் சிரிப்பார்கள். நீங்களே 'கோத்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதையே பிடித்துக்கொண்டு திமில்கோவை, அடிக்கோட்டுக்கோவை, சிறுகோட்டுக்கோவை எனலாமே?

---

கோவை நன்றாக இருக்கிறது ஐயா, எடுத்துக்கொள்கிறேன். இலக்கணப்படி 'திமிற்கோவை' என்று யாராவது வருவார்கள். தேடுபொறியில் கிடைக்க வேண்டுமே என்று நான் 'திமில்கோவை' என்றே எழுதுவேன். வார இறுதிக்குள் மறுப்பு வரவில்லையென்றால் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.