மறு: டெப்த் ஆஃப் ஃபீல்டு – புல ஆழமா, தெளிவாழமா, வேறா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒளிப்படக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டுதான் இருந்தேன், குறுக்கே வர வேண்டாம் என்றிருந்தேன். பேச்சு டெப்த் ஆஃப் ஃபீல்டு பற்றி, அதாவது படத்தில் எவ்வளவு அருகிலிருந்து எவ்வளவு தூரம் வரை தெளிவாக விழுகிறது என்பதற்கான சொல் பற்றி. "புல ஆழம்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு சொல்" என்று நேற்று ஒரு மடல் வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் மொழியறிஞன் இல்லை. திறந்தவெளியில் பத்துப் பதினைந்து பேர் உள்ள குடும்பங்களை நிற்கவைத்துப் படம் எடுப்பவன். அந்த வேலையில் இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் வெயிலில் பொறுமை இழந்துகொண்டிருக்கும் கூட்டத்தின் முன்னால்.

புல ஆழத்தில் எனக்கு உறுத்துவது ஆழம்தான். தமிழில் ஆழம் என்றால் கண் கீழே போகும். கிணறு ஆழம், ஆறு ஆழம். நாம் இங்கே பேசுவது கிடைமட்டத்தில் ஒரு தூரம்: முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்திலிருந்து பின்வரிசையில் நிற்கும் மாமாவின் முகம் வரை. ஒருமுறை உதவிக்கு வந்த பையனிடம் "புல ஆழம் பத்தவில்லை" என்றேன், அவன் குனிந்து தரையைப் பார்த்தான். புலம் மட்டும் என்ன, அது ஏற்கெனவே மின்புலம், காந்தப்புலம், பார்வைப்புலம் என்று மூன்று வீட்டுக்குச் சேவகம் செய்துகொண்டிருக்கிறது.

குவிய ஆழம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதை எடுத்துவிடாதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால், சென்சார் (படம் பதியும் தகடு) எவ்வளவு முன்பின் நகர்ந்தாலும் படம் மங்காமல் தாங்கும் என்ற அளவு தனி, அதை டெப்த் ஆஃப் ஃபோக்கஸ் என்கிறார்கள். நாம் தேடுவது லென்ஸுக்கு முன்னால் இருப்பது. இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

> தெளிவாழம் எளிதாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் "இந்தப் படத்தில் தெளிவாழம் குறைவு" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் காதில் "தெளிவு குறைவு" என்றுதான் விழும். படமோ கண்ணிமை முடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும், பின்வரிசை மட்டும் மங்கியிருக்கும்.

என் முன்மொழிவு தெளிவெல்லை. காரணம் ஓசை இல்லை, நடப்பது அப்படித்தான் என்பதால். கறாராகப் பார்த்தால் ஒரே ஒரு தொலைவில்தான் லென்ஸ் குவிகிறது. அதற்கு முன்னும் பின்னும் படிப்படியாக மங்குகிறது, எங்கேயும் சுவர் கிடையாது. இதுவரை கண் பொறுத்துக்கொள்ளும் என்று நாம்தான் ஒரு கோடு போடுகிறோம். கைப்பேசித் திரையில் எல்லைக்குள் இருந்தவர், அதே படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி அருகில் நின்று பார்த்தால் எல்லைக்கு வெளியே போய்விடுவார். நாம் போட்ட கோட்டுக்கு எல்லை என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

எல்லை என்பது கோடுதானே, பரப்பு இல்லையே என்று கேட்டிருந்தார்கள். "ஊர் எல்லைக்குள் வந்தாச்சு" என்கிறோமே, அதில் எல்லை கோடு மட்டுமா? தவிர, இந்தச் சொல்லிலிருந்து முன்னெல்லை, பின்னெல்லை இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலை செய்பவனுக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 50 மிமீ லென்ஸ், 4 மீட்டரில் ஃபோக்கஸ், எஃப் 2.8 (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) என்று வைத்தால் வழக்கமான கணக்குப்படி முன்னெல்லை ஏறக்குறைய 3.5 மீட்டரில், பின்னெல்லை 4.6 மீட்டரில். மொத்தம் 1.1 மீட்டர், இரண்டு வரிசைக்கே இடிக்கும். எஃப் 5.6-க்குப் போனால் 2.3 மீட்டர் கிடைக்கிறது, மூச்சு விடலாம். இதில் முன்பக்கம் கிடைப்பதைவிடப் பின்பக்கம் கிடைப்பது அதிகம், அதனால் இரண்டு வரிசை என்றால் முன்வரிசைக் கண்களிலும், மூன்று என்றால் நடுவரிசையிலும் ஃபோக்கஸ் வைக்கிறேன். இதை நான் கற்றது என் சொந்தக் குடும்பப் படத்தைக் கெடுத்துத்தான். எஃப் 1.8-இல் பின்னணி அழகாகக் கரைந்தது, கூடவே பின்வரிசையில் நின்ற இரண்டு சித்தப்பாக்களும் கரைந்துவிட்டார்கள். "பாட்டி தெளிவெல்லைக்கு வெளியே இருக்கிறார், நாற்காலியை ஓரடி முன்னால் நகர்த்து" என்று இப்போது சொல்ல முடிகிறது. புல ஆழத்தை வைத்து இந்த வாக்கியத்தை அமைத்துப் பாருங்கள்.

இந்தச் சொல்லுக்கு நீங்கள் எழுதிய விளக்கக் குறிப்பில் ஒரு திருத்தம். "தொலைவில்லைகளில் தெளிவெல்லை குறுகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். (தொலைவில்லை, அதாவது டெலிஃபோட்டோ லென்ஸ், என்பதை நான் முதலில் "தொலைவு இல்லை" என்றே படித்தேன். லென்ஸ் லென்ஸாகவே இருக்கட்டும், யாருக்கும் நட்டமில்லை.) அதே இடத்தில் நின்று லென்ஸை மட்டும் மாற்றினால் நீங்கள் எழுதியது சரி. ஆனால் குழுப்படத்தில் யாரும் அப்படி நிற்பதில்லை, எல்லாரும் சட்டத்துக்குள் வரும்வரை பின்னால் போவோம். 85 மிமீ லென்ஸை (மிமீ கூடினால் லென்ஸ் காட்டும் பரப்பு குறுகும்) மாட்டிக்கொண்டு 6.8 மீட்டருக்குப் பின்வாங்கினால் எஃப் 2.8-இல் அங்கேயும் கிட்டத்தட்ட அதே 1.1 மீட்டர்தான். 85-ஐ எடுப்பதற்கான காரணம் வேறு: தள்ளி நிற்பதால் முன்வரிசைத் தலையும் பின்வரிசைத் தலையும் அளவில் ஒத்துவரும், ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடாது. 24 மிமீயில் ஓரத்தில் நின்றவர் அந்தப் படத்தை வீட்டில் மாட்டவே மாட்டார். இடம் இல்லாவிட்டால் 35 வரை சமாளிக்கலாம், ஓரத்தில் கொஞ்சம் காலி விட்டு.

அடுத்து ஃபில் லைட், அதாவது நிழல் விழுந்த பக்கத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒளி. நிரப்பொளி என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டதாகத் தெரிகிறது. பெரிய மறுப்பு இல்லை, ஆனாலும் தமிழில் நிழலை யாரும் நிரப்புவதில்லை. தணிப்பொளி என்றால் என்ன? உச்சி வெயிலில் கண்குழியில் விழும் கருப்பை அடியோடு அழித்தால் முகம் தட்டையாகிவிடும். ஃபிளாஷை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வைத்து நிழலைத் தணிப்பதுதான் வேலை. இந்த ஒளியும் தெளிவெல்லையைத் தொட்டுத்தான் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் சாதாரண ஃபிளாஷுக்கு ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 நொடியைவிட விரைவாகப் போகாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100 வைத்தால் துளை எஃப் 11 பக்கம் போய் நிற்கும், கூட்டத்துக்கு அது வசதிதான். ஃபிளாஷை முன்வரிசைக்கு 2 மீட்டரில் வைத்து, பின்வரிசை 3 மீட்டரில் இருந்தால் பின்னால் போய்ச் சேருவது பாதிக்கும் குறைவு. அதையே 4 மீட்டருக்குத் தள்ளினால், ஃபிளாஷின் திறனைக் கூட்ட வேண்டியிருக்கும், ஆனால் பின்வரிசைக்கு முன்வரிசையில் விழுவதில் மூன்றில் இரண்டு பங்கு போகும்.

ஓப்பன் ஷேடுக்குத் "திறந்த நிழல்" வேண்டாம். நிழலுக்குக் கதவா இருக்கிறது? கட்டட நிழலில் நின்றுகொண்டு முகம் மட்டும் வானத்தைப் பார்த்திருக்கும் நிலை அது. வானிழல் என்று தோன்றியது, "வானின் நிழல்" என்று புரிந்துகொள்வார்களோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. இன்னும் நல்லது யாருக்காவது தோன்றினால் போடுங்கள்.

தெளிவெல்லை ஏற்கப்பட்டால் முன்னெல்லை, பின்னெல்லை இரண்டையும் அதே பதிவில் சேர்த்துவிடுங்கள், தனித்தனியாக இழை திறந்தால் அடுத்த வருடம்தான் முடியும்.