குடும்பக் குழு: மாடி வீட்டுக்கு எந்த டிரில்?

மீனா, காலை 8:40
மாடியில பூச்சு, பெயிண்ட் எல்லாம் முடிஞ்சுது. இனி ஸ்கிரீன் ராடு ஆறு, கிச்சன் ஷெல்ஃப் ரெண்டு, பாத்ரூம் கண்ணாடி, டவல் ராடு மாட்டணும். பேட்டரியில ஓடற ஹேமர் டிரில் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கோம். ஆன்லைன்ல "48 வோல்ட்"னு ரெண்டு பேட்டரியோட மலிவா வருது. வாங்கலாமா?

கதிர் அண்ணா, 8:52
அந்த 48ஐ நம்பாத மீனா. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், முழுசா சார்ஜ் ஏறினா 4.2. கைக்கு அடக்கமான பேட்டரியில வரிசையா அஞ்சு செல் இருக்கும். அஞ்சால பெருக்கிப் பாரு, 18 வரும். ஃபுல் சார்ஜ்ல 21. 48 வோல்ட் வேணும்னா 13 செல்லை வரிசையா கோக்கணும், அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள அதுக்கு இடமே இல்ல. 18னு போடறது, 20 மேக்ஸ்னு போடறது, 21னு போடறது எல்லாம் அதே அஞ்சு செல்தான்.

முரளி மாமா, 8:58
மிஷினை அப்புறம் பாப்போம். சுவர் எதுல கட்டினது, அதை முதல்ல சொல்லும்மா.

மீனா, 9:01
வெளிச்சுவர் செங்கல் மாமா. உள்ள தடுப்புச் சுவர் மட்டும் வெள்ளையா, லேசா இருக்குமே, அந்த பிளாக்.

முரளி மாமா, 9:10
அது ஏஏசி பிளாக். உள்ள முழுக்கக் காத்துக் குமிழிதான். அதுல ஹேமர் மோடே, அதாவது சுத்திக்கிட்டே அடிக்கறது, போடக்கூடாது. போட்டா துளை வாய் நொறுங்கி அகலமாயிடும், ஸ்க்ரூவுக்காகத் துளைக்குள்ள செருகற பிளக் லொட லொடன்னு நிக்கும். சும்மா டிரில் மோடுல, மெதுவா. சாதாரண பிளாஸ்டிக் ரவல் பிளக்கும் அங்க சரியாப் பிடிக்காது, ஏஏசிக்குன்னே நைலான் பிளக் விக்கறாங்க, அதைக் கேட்டு வாங்கு. கிச்சன் ஷெல்ஃப்ல மளிகை பாரம் ஏறும், முடிஞ்சா அதைச் செங்கல் சுவருக்கு மாத்திடு.

செங்கல்லுக்கு பேட்டரி ஹேமர் டிரில் தாராளமாப் போதும். கஷ்டம் ஜன்னலுக்கு மேலதான், அங்க லின்டல், அதாவது கான்கிரீட் உத்தரம், இருக்கு.

மீனா, 9:12
ஸ்கிரீன் ராடு எல்லாமே அங்கதானே மாமா வருது!

சித்தப்பா, 9:25
ஆமா, நிறைய பேர் மாட்டிக்கற இடம் அதுதான். ஹேமர் டிரில்லுக்குள்ள பல் வச்ச ரெண்டு தட்டு இருக்கு. நீ அழுத்தினா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறங்கும். நிமிஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல அடி விழும், ஆனா ஒவ்வொரு அடியும் ரொம்பச் சின்னது. செங்கல் அதுக்கே பொடியாகும், கான்கிரீட்ல இருக்கற ஜல்லி அசையாது. ரோட்டரி ஹேமர் வேற ஜாதி. உள்ள பிஸ்டன் காத்தை அமுக்கி அடிக்கும். அடியோட எண்ணிக்கை கம்மி, ஒவ்வொரு அடியோட பலம் பெரிசு. அதுக்கு அடிப்பக்கம் பள்ளம் வெட்டின எஸ்டிஎஸ் பிளஸ் பிட்தான் (பிட்னா துளை போடற கம்பி) மாட்டணும், சாதாரண பிட் உக்காராது.

இம்பாக்ட் டிரைவர்னு இன்னொண்ணும் பக்கத்துலயே காட்டுவான். அது சுத்துற திசையில தட்டி ஸ்க்ரூவை முறுக்கறது. சுவருக்கு ஆகாது. பேரைப் பாத்து ஏமாந்துடாத.

கதிர் அண்ணா, 9:31
24 துளை வரும், ராடுக்கு ரெண்டு பிராக்கெட், பிராக்கெட்டுக்கு ரெண்டு. லின்டலுக்கு மட்டும் ஒரு நாள் கரண்ட் ரோட்டரி ஹேமர் வாடகைக்கு எடுத்துடலாம்.

சித்தப்பா, 9:36
எடுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாரு. நம்ம பக்கம் லின்டல் பெரும்பாலும் 6 அங்குல உயரம்தான், அதாவது 150 மி.மீ. ஜன்னல் மேல்விளிம்புல இருந்து 8 அங்குலம் மேல போயிட்டா திரும்பச் செங்கல்தான். ஸ்கிரீனை கொஞ்சம் நீளமாத் தைச்சுக்கலாம். பக்கவாட்டுல தள்ளிப் போட்டாலும் லின்டல் ஜன்னலைத் தாண்டி உள்ள உக்காந்திருக்கும், சில வீட்ல சுவர் முழுக்க ஓடும். அதனால மேல போறதுதான் நல்லது.

மீனா, 9:38
உள்ள செங்கல்லா கான்கிரீட்டான்னு எப்படித் தெரியும் சித்தப்பா?

சித்தப்பா, 9:44
தூளைப் பாரு. முதல் 12, 15 மி.மீ. சாம்பல் கலர்ல வரும், அது பூச்சு. அதுக்கப்புறம் சிவப்பாக் கொட்டினா செங்கல். சாம்பலாவே வந்து, பிட் இறங்காம கிறீச்சுன்னு கத்தினா கான்கிரீட். வெள்ளையா மாவு மாதிரி வந்தா ஏஏசி, உடனே ஹேமரை நிறுத்து.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. 6 மி.மீ. பிளக்கோட நீளம் 30 மி.மீ. பூச்சு 15ன்னா பாதி பிளக் வெறும் பூச்சுலதான் நிக்குது. ஸ்கிரீன் கழண்டு விழறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஜனங்க பிளக்கைக் குறை சொல்றாங்க. 8 மி.மீ. பிளக் போடு, 40 நீளம். துளை 55 மி.மீ. ஆழம் இருக்கணும். பிட்ல 55ல ஒரு டேப் சுத்திக்கோ.

கதிர் அண்ணா, 9:50
வாங்கும்போது பாக்க வேண்டியது: 18 வோல்ட், 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வற வாய்), ரெண்டு கியர், முடிஞ்சா பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார். பேட்டரி 2 ஏஹெச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு) போதும், 4 ஏஹெச்னா அதிக நேரம் ஓடும், ஆனா தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கறப்ப கை வலிக்கும். போஷ் பேட்டரி மகிட்டாவுக்குச் சேராது, மகிட்டாவோடது டிவால்ட்டுக்குச் சேராது. இப்ப எடுக்கற கம்பெனியிலயேதான் நாளைக்கு கிரைண்டரும் எடுப்பே, உங்க ஊர்ல சர்வீஸ் இருக்கான்னு விசாரிச்சுட்டு எடு. விலை ரொம்பக் கம்மியா இருந்தா "பாடி மட்டும்"னு போட்டிருக்கான்னு பாரு, அதுல பேட்டரியும் சார்ஜரும் வராது.

மீனா, 9:55
சரிண்ணா. துளை போடறப்ப என்னென்ன கவனிக்கணும்?

சித்தப்பா, 10:08
கார்பைடு முனை வச்ச மேசனரி பிட்தான். இரும்புக்கு வர்ற பிட் சுவர்ல கொஞ்ச நேரத்துல மழுங்கிடும். ரெண்டாவது கியர்ல போட்டு, மோடு வளையத்தை ஹேமர் படத்துக்குத் திருப்பு. முதல்ல மெதுவா ஒரு சின்னக் குழி, அப்புறம் வேகம். நேரா அழுத்து, மிஷினை ஆட்டாத. 10 விநாடிக்கு ஒரு தடவை பிட்டைச் சுத்த விட்டுக்கிட்டே வெளிய இழு, தூள் வந்துடும். தூள் அடைச்சா பிட் சூடாகி முனையோட பற்று விட்டுடும்.

முக்கியமா, திசை பட்டனைப் பாரு. ஸ்க்ரூ கழட்டிட்டு ரிவர்ஸ்லயே விட்டுட்டா எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது, பிட் சிவக்கும். மிஷின் சரியில்லைன்னு தோணறப்ப முதல்ல பாக்க வேண்டியது அதைத்தான்.

கான்கிரீட்ல டக்குன்னு நின்னு பொறி பறந்தா கம்பி. முட்டாத, 3 செ.மீ. தள்ளிப் போடு.

துளைக்குள்ள தூளை ஊதி எடுத்துட்டுத்தான் பிளக். கண்ணாடி, மாஸ்க் ரெண்டும் போட்டுக்கோ. ஸ்க்ரூ முறுக்கறப்ப ஹேமர்ல இருந்து ஸ்க்ரூ படத்துக்கு மாத்தி, முதல் கியர், கிளட்ச் (முறுக்கற பலத்தைக் கட்டுப்படுத்தற நம்பர் வளையம்) 5ல ஆரம்பி. பத்தலைன்னா ஒவ்வொண்ணா ஏத்து. எடுத்த எடுப்புல முழு பலம் கொடுத்தா பிளக்கும் சேந்து சுத்திடும்.

முரளி மாமா, 10:15
பாத்ரூம் டைல்ஸ்ல ஹேமர் தொடவே கூடாது, விரிசல் விடும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அம்பு முனை டைல் பிட் போட்டு மெதுவாச் சுத்து. ரொம்பக் கெட்டியான விட்ரிஃபைடு டைல்னா டைமண்ட் பிட், தண்ணி தொட்டுத் தொட்டு. டைல் தாண்டினதும் மேசனரி பிட் மாத்து, உள்ள செங்கல்னா மட்டும் ஹேமர் போடு. குழாய்க்கு நேர் மேலயும் ஷவருக்கு நேர் கீழயும் பைப் ஓடும், அங்க வேண்டாம்.

கதிர் அண்ணா, 10:17
சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழயும் அதே கதை, வயர் பைப் ஓடும். துளை போடற அறையோட எம்சிபியை (மெயின் பாக்ஸ்ல இருக்கற டிரிப் சுவிட்ச்) ஆஃப் பண்ணிடு. பேட்டரி டிரில்லுக்குக் கரண்ட் தேவையில்லையே.

மீனா, 10:41
அளந்துட்டேன் சித்தப்பா. ஜன்னலுக்கு மேல சீலிங் வரைக்கும் 32 அங்குலம் இருக்கு. 8 அங்குலத்துல பிராக்கெட் வச்சா சரியா வருமா?

சித்தப்பா, 10:46
பிராக்கெட்டுக்கு ரெண்டு துளை இருக்குல்ல, கீழ் துளை 8ல வரணும். பிராக்கெட்டோட நடுவை 8ல வச்சா கீழ் துளை லின்டல் பக்கத்துல இறங்கிடும். பென்சில்ல ரெண்டையும் குறிச்சு போட்டோ போடு, பாத்துட்டுச் சொல்றேன்.