ஜேஃபெட் செல்ஃப் பயாஸ்: இரண்டு விடைகளில் எது பயாஸ் புள்ளி?

கேள்வி:
என்-சேனல் ஜேஃபெட் (கேட், சோர்ஸ், டிரெயின் என மூன்று முனைகள் கொண்ட டிரான்சிஸ்டர்) ஒன்றைக் கொண்டு செல்ஃப் பயாஸ் பெருக்கி, அதாவது சோர்ஸ் மின்தடையில் விழும் மின்னழுத்தமே கேட்-சோர்ஸ் மின்னழுத்தத்தை அமைக்கும் பெருக்கி வடிவமைக்கிறேன். மின்வழங்கி 20 வோல்ட், டிரெயின் மின்தடை 5 கிலோ ஓம், சோர்ஸ் மின்தடை 1 கிலோ ஓம், கேட்டிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம். ஐடிஎஸ்எஸ் (கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது ஓடும் டிரெயின் மின்னோட்டம்) 8 மில்லி ஆம்பியர், பிஞ்ச்-ஆஃப் மின்னழுத்தம் (சேனல் அடைபடும் கேட்-சோர்ஸ் மின்னழுத்தம்) மைனஸ் 4 வோல்ட் எனக் கொண்டு, கேட்-சோர்ஸ் மின்னழுத்தத்திலிருந்து டிரெயின் மின்னோட்டத்தைத் தரும் ஷாக்லி சமன்பாட்டைத் தீர்த்தால், டிரெயின் மின்னோட்டத்துக்கு 2, 8 மில்லி ஆம்பியர் என இரண்டு விடைகள் கிடைக்கின்றன. எதைப் பயாஸ் புள்ளியாக (சிக்னல் இல்லாதபோது சுற்று நிற்கும் நிலையாக) எடுத்துக்கொள்வது, ஏன்? கேட் மின்தடை கணக்கில் எங்குமே வராதது சரிதானா?

மறுமொழி 1:
2 மில்லி ஆம்பியரே சரி. 8 மில்லி ஆம்பியர் ஓடினால் சோர்ஸ் 8 வோல்ட்டில் நிற்கும். கேட் தரை மட்டத்தில் இருப்பதால் கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் மைனஸ் 8 ஆகிவிடும். மைனஸ் 4 வோல்ட்டிலேயே சேனல் அடைபட்டுவிடுவதால் அந்த விடைக்குப் பொருளில்லை. சமன்பாட்டில் வர்க்கம் இருப்பதால் மட்டுமே அது தோன்றுகிறது.

கேட் சந்தி பின்னோக்குச் சார்பில் (மின்னோட்டத்தைத் தடுக்கும் திசையில்) இருப்பதால் அதில் கசிவு மின்னோட்டம் மட்டுமே உண்டு. அது 1 நானோ ஆம்பியர் என்றாலும் 1 மெகா ஓமில் விழுவது 1 மில்லி வோல்ட்தான், ஆகவே விட்டுவிடலாம்.

இத்துடன் நிறுத்தாமல் தெவிட்டு நிலையையும் (டிரெயின்-சோர்ஸ் மின்னழுத்தம் மாறினாலும் மின்னோட்டம் ஏறத்தாழ மாறாத நிலை) சரிபாருங்கள். டிரெயின் 10 வோல்ட், சோர்ஸ் 2 வோல்ட்; இடையே 8 வோல்ட். தேவையான குறைந்த அளவு, கேட்-சோர்ஸ் மின்னழுத்தத்துக்கும் பிஞ்ச்-ஆஃப்புக்கும் உள்ள வேறுபாடான 2 வோல்ட் என்பதால் ஷாக்லி சமன்பாடு இங்கே செல்லும்.

மறுமொழி 2:
கணக்கு சரி, ஆனால் கையில் கிடைக்கும் ஜேஃபெட் அந்த எண்களுக்குக் கட்டுப்படாது என்பதே எனக்குப் பெரிய கவலை. 2என்5457 வகையின் தரவுத்தாளிலேயே ஐடிஎஸ்எஸ் 1 முதல் 5 மில்லி ஆம்பியர் வரை, பிஞ்ச்-ஆஃப் மைனஸ் 0.5 முதல் மைனஸ் 6 வோல்ட் வரை என்றுதான் இருக்கிறது. உங்கள் சுற்றில் 12 மில்லி ஆம்பியர், மைனஸ் 6 வோல்ட் கொண்ட ஒன்றைப் பொருத்தினால் விடை 3 மில்லி ஆம்பியர். அப்போது டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே 2 வோல்ட்தான் மிஞ்சும், தெவிட்டு நிலைக்கோ 3 வோல்ட் வேண்டும். அதாவது அந்த 3 என்ற விடையே செல்லாது. பெருக்கியும் ஒழுங்காக வேலை செய்யாது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் சுற்றையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 2:
மின்னழுத்தப் பகிர்வு பயாஸ் (மின்வழங்கியை இரு மின்தடைகளால் பகிர்ந்து கேட்டுக்குக் கொடுக்கும் முறை) நல்லது. கேட்டுக்கு 4 வோல்ட் கொடுத்து, சோர்ஸ், டிரெயின் இரண்டிலும் 3 கிலோ ஓம் வையுங்கள். உங்கள் ஜேஃபெட்டில் அதே 2 மில்லி ஆம்பியர் ஓடும். நான் சொன்ன 12 மில்லி ஆம்பியர் ஜேஃபெட்டில் ஏறத்தாழ 2.43 மட்டுமே ஓடும், இரண்டுமே தெவிட்டு நிலையில் நிற்கும். செல்ஃப் பயாஸையே வைத்துக்கொள்வதாக இருந்தால், கேட்டையும் சோர்ஸையும் இணைத்து, டிரெயினுக்கு ஏறத்தாழ 10 வோல்ட் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள், அதுவே ஐடிஎஸ்எஸ். அந்த எண்ணைக் கொண்டு சோர்ஸ் மின்தடையைத் தேர்ந்தெடுங்கள்.