பட்டி மாடுகள்: மாரி முடிந்தபின் ஒரு புதுப்பிப்பு

காலபோக (மாரிக்கால நெல்) விதைப்பு தொடங்கிவிட்டது, வயலில் விட முடியாது, மாடுகளை முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் காட்டோரம் கொண்டுபோக வேண்டும், மழைக்குக் கன்றுகளை என்ன செய்வது என்று ஐப்பசியில் கேட்டிருந்தேன். கன்றுகளுக்காவது கூரை போடுங்கள் என்றீர்கள்.

சரி, போட்டோம். தகரத்துக்குக் காசு காணாது, அதனால் பழைய தறப்பாளைக் கம்புகளில் இழுத்துக் கட்டி, வாடைக்காற்று வரும் பக்கத்தைப் பனையோலையால் அடைத்தோம். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் விறைத்துச் செத்ததை அப்பா மறக்கவில்லை, அந்த அடைப்பை மட்டும் அவரே இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார்.

குளிரில் ஒன்றும் சாகவில்லை. ஆனால் ஒரு பசு குளத்துச் சேற்றில் புதைந்துபோனது, நாங்கள் விடியத்தான் கண்டோம். பிழை எங்களுடையது.

அதன் கன்றுக்கு மூத்தவள் சோடாப் போத்தலில் பால் பருக்குகிறாள். பள்ளிச் சட்டையோடு போய் நிற்பாள், அது பாலை விட்டுவிட்டுச் சட்டை நுனியைச் சப்பும், மனுசி சத்தம் போடுவா.

மாசியில் அறுவடை முடிந்து இப்போது மாடுகள் வெட்டின வயலில். பால் கொஞ்சம் கூடியிருக்கிறது. மாடுகளுக்கென்று ஒதுக்கவேண்டிய மேய்ச்சல் தரையா? அது வழமைபோலக் கடதாசியில்தான். சிறுபோகத்துக்கு (கோடைகால நெல்லுக்கு) தண்ணீர் திறந்தால் திரும்பவும் காட்டோரம்தான்.