மறு: ‘சார்ஜ்’: ஊட்டமா, ஏற்றமா?

> பாடநூலில் மின்னூட்டம் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

நியாயமான கேள்வி. எலக்ட்ரான் போன்ற துகள்களின் ‘சார்ஜ்’ என்ற மின்பண்புக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்னூட்டம், இலங்கையில் மின்னேற்றம். இரண்டுமே செயலைச் சொல்பவை. போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி, “எலக்ட்ரானுக்கு யார் சார் ஊட்டினாங்க?” என்று கேட்டாள். யாரும் ஊட்டவில்லை. −1.602176634 × 10⁻¹⁹ கூலூம் (சார்ஜின் அலகு) என்பது அதன் இயல்பு. அதை எலக்ட்ரானிலிருந்து இறக்கவும் முடியாது. அவள் கேள்வியில் பிழையில்லை, சொல்லில்தான் பிழை.

குழப்பம் ஆங்கிலத்திலேயே தொடங்குகிறது. லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் சார்ஜின் பழைய பொருள். துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பதும் பிறகு சார்ஜ் ஆயிற்று. ஆள்மேல் வேலையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, செலவை ஏற்றினால் கட்டணம். தமிழும் தானாக இதே தடத்தில் நடந்திருப்பது எனக்கு வியப்பு: பழி சுமத்துகிறோம், பதவி ஏற்கிறோம், பொறுப்பு என்பதே ‘பொறு’, அதாவது தாங்கு என்பதில் பிறந்தது. (லத்தி சார்ஜுக்குத் தடியடி என்று எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டோம்!)

1747இல் பெஞ்சமின் பிராங்கிளின் லெய்டன் சாடியை (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்ணாடிச் சாடி) வைத்து ஆய்ந்தபோது, மின்சாரத்தை ஒரு பாய்மம் என்றே எண்ணினார். மிகுந்தால் நேர், குறைந்தால் எதிர். பாய்மம் என்றால் ஏற்றலாம், இறக்கலாம். சார்ஜ் என்ற சொல் அந்தக் கருத்துக்குப் பொருந்தியது. கருத்து போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. அந்தப் பழைய பிழையையும் நாம் ஏன் தமிழாக்க வேண்டும்?

ஆகவே செயலுக்கு ஒன்று, பண்புக்கு ஒன்று என இரண்டு சொல் கேட்கிறேன். செயலுக்கு மின்னேற்றம், எதிர்ச்செயலுக்கு மின்னிறக்கம். “போன்ல சார்ஜ் ஏறவே மாட்டேங்குது”, “சார்ஜ் இறங்கிருச்சு” என்று ஊரே பேசுகிறது. வினை ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது.

பண்புக்குத்தான் சிக்கல். மின்சுமை என்றால் மின்வாரியத்தார் சொல்லும் ‘லோடு’ நினைவுக்கு வருகிறது. அம்மா ஒருவர் முன்வைத்த மின்மை, வெண்மை கூர்மை போல இலக்கணத்துக்கு இசைவானது. நானும் அதைத்தான் முதலில் விரும்பினேன். ஆனால் ‘நேர்மின்மை’ என்று எழுதிப் படித்ததும் ‘இன்மை’ காதில் விழுகிறது. ஒன்று இருப்பதைச் சொல்லும் சொல்லில் இல்லாமை ஒலிக்கலாகாது. சிலர் எழுதிவரும் மின்மம் எல்லாக் கூட்டுச்சொல்லிலும் நிற்கிறது: நேர்மின்மம், எதிர்மின்மம், மின்ம அடர்த்தி, மின்ம ஊர்தி, மின்மமற்ற துகள். “மின்மம் உள்ள தகட்டை மின்னிறக்கம் செய்” என்று எழுதினால் பண்பும் செயலும் பிரிந்தே தெரிகின்றன.

ஒரு தயக்கம் மட்டும் மிச்சம். இலங்கையில் படித்தவர்களுக்கு மின்னேற்றம் என்பதே பண்பின் பெயர். அதைச் செயலுக்கு மட்டும் ஒதுக்கினால் அங்குள்ள ஆசிரியர்களுக்கு எவ்வளவு இடைஞ்சல்? யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.