கழுத்தில தொடங்கிப் பின்னுற மூட்டில்லாத குறோஷே சுவெற்றர்: யோக் சுருக்கு விழுது, என்ன செய்யலாம்?

செம்பருத்தி:

வணக்கம் அக்காமார். ரொறொன்ரோவில இருக்கிற மச்சாளுக்கு வின்ரருக்கு ஒரு சுவெற்றர் பின்னுறன். துண்டு துண்டாப் பின்னிப் பொருத்துறது இல்லை, கழுத்தில தொடங்கி வட்டமாக் கீழ இறங்கிற ரக்லன், அதாவது கழுத்தில இருந்து கக்கம் வரைக்குமான மேல் பகுதியில (யோக்) நாலு மூலையிலயும் தையல் கூட்டிக் கொண்டு போறது.

நூல் 8 பிளை அக்ரிலிக், ஊசி 4 மி.மீ. முழுக்க டபிள் தையல். 4 அங்குலத்துக்கு 16 தையல், 9 வரிசை வருது. மச்சாளின்ர நெஞ்சளவு 34.

80 செயின் போட்டு வட்டமாச் சேர்த்தன். முன் 26, கை 12, பின் 26, கை 12, மூலைக்கு ஒண்டா 4. ஒவ்வொரு மூலையிலயும் (2 டபிள், 1 செயின், 2 டபிள்). இப்ப 8 வட்டம் முடிஞ்சுது. முன்பக்கம் 58 தையல், ஆனால் இறக்கம் மூன்றரை அங்குலம்தான். மூலையெல்லாம் அலை அலையாச் சுருக்கு விழுது. கழுத்துச் செயினும் இறுக்கமாக் கிடக்கு, தலை போகுமோ தெரியேல்லை.

அடுத்தது, போட்டுப் பாக்க ஆள் இஞ்ச இல்லை. கை எப்ப பிரிக்கிறது, கக்கத்தில எத்தினை தையல் விடுறது எண்டதை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது? இன்னும் ரெண்டு வட்டம் போட்டுட்டுக் கையைப் பிரிச்சா சரிவருமோ?

நூல்கண்டு:

ரெண்டு வட்டத்தில பிரிக்காதேங்கோ தங்கச்சி. பிழை மூலையிலதான் கிடக்கு. நீங்கள் போடுற மாதிரிப் போட்டா ஒரு மூலைக்கு 4, ஒரு வட்டத்துக்கு 16 தையல் கூடும். அது கிரானி சதுரம் (நடுவில தொடங்கிச் சுத்திச் சுத்திப் பின்னுற சதுரத் துண்டு) மேசையில தட்டையாக் கிடக்கிறதுக்கான கணக்கு. தோளில இருந்து சரிஞ்சு இறங்கிற யோக்குக்கு வட்டத்துக்கு 8 காணும்: மூலைச் செயினுக்குள்ள (1 டபிள், 1 செயின், 1 டபிள்).

ரக்லனில ரெண்டு அளவு ஒரே நேரத்தில கக்கத்துக்கு வந்து சேர வேணும். ஒண்டு அகலம், அது தையல் எண்ணிக்கை. மற்றது இறக்கம், அது வரிசை எண்ணிக்கை. உங்கட யோக்கில அகலம் ஓடி வந்திட்டுது, இறக்கம் பின்னால நிக்குது. இன்னும் ரெண்டு வட்டத்தில முன்பக்கம் 66 ஆகும், நெஞ்சுக்கு அது காணும். ஆனால் இறக்கம் நாலரை அங்குலத்திலதான் நிக்கும். அதில கையைப் பிரிச்சா கை கக்கத்துக்குக் கிட்டவும் வராது, தோளைத் தூக்கவே ஏலாது.

உங்கட அளவுக்குக் கணக்கு இப்பிடி வரும். 16 தையலுக்கு 4 அங்குலம் எண்டா அங்குலத்துக்கு 4 தையல். நெஞ்சு 34, உள்ளுக்கு ஒரு ரீசேட் போட 3 அங்குலம் தளர்வு, மொத்தம் 37. 37 ஐ 4 ஆல பெருக்க 148 தையல். கழுத்தில நீங்கள் பிரிச்ச 26, 12, 26, 12 நல்ல பிரிப்பு, அதை மாத்த வேண்டாம். வட்டத்துக்கு 8 கூட்டி 19 வட்டம் போனா முன் 64, பின் 64, கை 50, கை 50, மொத்தம் 228. கக்கத்தில பக்கத்துக்கு 10 விட்டா உடம்பு 64+64+20, அதே 148. கை 50+10, 60 தையல், 15 அங்குலம். சுவெற்றர் கைக்கு அது போதும்.

இறக்கத்தையும் சரி பாருங்கோ. முதல் வரிசையோட சேர்த்து 20 வரிசை. 9 வரிசைக்கு 4 அங்குலம் எண்டா கிட்டத்தட்ட 9 அங்குலம். 34 நெஞ்சுக்கு இது சரியான இறக்கம்.

மச்சாளிட்ட உடம்பளவு கேக்காமல், அவ இப்ப போடுற சுவெற்றரில அளவா இருக்கிற ஒண்டைக் கட்டிலில விரிச்சு வைச்சு அளந்து வட்ஸ்அப்பில அனுப்பச் சொல்லுங்கோ. கக்கத்துக்குக் கக்கம் அகலம், பின்கழுத்தில இருந்து கக்க மட்டம் வரைக்கும் இறக்கம், கையின்ர மேல் அகலம், கக்கத்தில இருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளம், கக்கத்தில இருந்து கீழ் விளிம்பு நீளம். தலைச் சுற்றளவும் கேளுங்கோ. அவவின்ர இறக்கம் 8 அங்குலம் எண்டு வந்தா 17 கூட்டல் வட்டத்தோட நிப்பாட்டிக் கக்கத்தில 14 விடுங்கோ, உடம்பு அதே 148 தான். 10 அங்குலம் எண்டு வந்தா 19 வட்டம் முடிஞ்ச பிறகு கூட்டாமல் ரெண்டு வட்டம் போடுங்கோ. ஆளைப் பாக்காமல் பின்னேக்க அந்த ரெண்டு இடத்திலதான் விளையாடலாம்.

பின்னினதை முழுக்கக் குலையுங்கோ. அக்ரிலிக் நூல் ஒருக்காக் குலைச்சதால பழுதாகாது.

ஒண்டு கவனம்: நானும் நீங்களும் டபிள் எண்டு சொல்லுறது யூரியூப்பில வாற அமெரிக்க முறை, ஊசியில நூலை ஒருக்காச் சுத்திப் போடுறது. வீட்டில கிடக்கிற பழைய இங்கிலாந்துப் புத்தகங்களில அதே தையல் ட்ரெபிள். அந்தப் புத்தகத்து டபிளை எடுத்து இந்தக் கணக்கில போட்டா உயரம் பாதிதான் வரும்.

கைவேலை_கோண்டாவில்:

கணக்கு சரி. கழுத்தைப் பற்றி நான் சொல்லுறன், ஏனெண்டா குலைக்கப் போறீங்கள் எண்டா அதையும் சேர்த்து மாத்த வேணும்.

செயின் இழுபடாது. 80 செயின் 20 அங்குலம், பெரிய ஆக்களின்ர தலை 22 அளவில வரும். அதால செயின் போட்டுத் தொடங்காமல் அடித்தளத்தையும் முதல் டபிள் வரிசையையும் ஒண்டாப் போடுங்கோ. 4 செயின் போட்டு, ஊசியில நூலைச் சுத்தி, ஊசியில இருந்து நாலாவது செயினுக்குள்ள விட்டு ஒரு கண்ணி இழுங்கோ. இப்ப ஊசியில மூண்டு கண்ணி. நூலைப் பிடிச்சு முதல் கண்ணிக்குள்ளால மட்டும் இழுங்கோ, அதுதான் இந்தத் தையலின்ர அடிச் செயின். பிறகு வழமையான டபிள் மாதிரி ரெண்டு ரெண்டாக் கழட்டுங்கோ. அடுத்த தையலுக்கு ஊசியை விடவேண்டியது அந்த அடிச் செயினுக்குள்ள, ரெண்டு இழையையும் பிடிச்சு. ஒரு இழையை மட்டும் பிடிச்சா அடியில ஓட்டை ஓட்டையா நிக்கும். அடிச் செயின் கண்ணியை விரலால கொஞ்சம் அமத்திப் பிடிச்சுக் கொண்டா அளவு ஒரே சீராய் வரும். இப்பிடி 80 போட்டு, முறுக்கு விழாமல் பாத்து வட்டமாச் சேருங்கோ. முறுக்கு விழுந்தா பிறகு திருத்த ஏலாது. நூல்கண்டு சொன்ன 20 வரிசையில முதலாவது இதுதான்.

உடன கூட்டத் தொடங்காதேங்கோ. முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒரே மட்டத்தில இருந்தா முன்பக்கம் தொண்டையை முட்டும், பின்னால பிடரி தெரியும். போட்டிருக்கிற ஆள் நாள் முழுக்க முன்பக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டே திரிய வேண்டி வரும். ரெண்டு குறை வரிசை (வட்டம் முழுக்கப் போகாமல் இடையில திரும்புற வரிசை) போட்டா இது வராது.

முன்பக்கத்து 26 ஐயும் அதின்ர ரெண்டு மூலையையும் தொடாதேங்கோ. மிச்சம் கை 12, மூலை 1, பின் 26, மூலை 1, கை 12, மொத்தம் 52. ஒரு கையின்ர முன் ஓரத்தில புது நூல் தொடுத்து 3 சிங்கிள் (நூல் சுத்தாமல் போடுற குட்டைத் தையல்), 3 அரை டபிள் (சிங்கிளுக்கும் டபிளுக்கும் இடைப்பட்ட உயரம்), 40 டபிள், 3 அரை டபிள், 3 சிங்கிள். திருப்புங்கோ. முதல் 6 தையலுக்கு மேலால சிலிப் தையலில (உயரம் கூடாத தையல்) நகர்ந்து, 3 சிங்கிள், 3 அரை டபிள், 28 டபிள், 3 அரை டபிள், 3 சிங்கிள். கடைசி 6 ஐயும் விட்டுட்டு நூலை வெட்டுங்கோ. பின்பக்கம் முக்கால் அங்குலத்துக்கு மேல உயரும், ஓரம் படிப்படியாக் குறையிறதால படி தெரியாது. தையல் எண்ணிக்கை அதே 80 தான். மூலையில குத்தின சேவ்ரி பின்னை ஒவ்வொரு வரிசையிலயும் மேல ஏத்திக் குத்துங்கோ, இல்லாட்டி மூலை எது எண்டு தேடவேண்டி வரும்.

கழுத்துப் பட்டி கடைசியில. 80 இல ஒவ்வொரு ஒன்பதாவதையும் பத்தாவதையும் சேர்த்து ஒண்டாக்கினா 72 வரும். அதில முன் தூண் ஒண்டு, பின் தூண் ஒண்டு (தையலின்ர தலைக்குள்ள விடாமல் அதின்ர தூணை முன்னாலயோ பின்னாலயோ சுத்தி எடுக்கிற டபிள்) எண்டு மாறி மாறி மூண்டு வட்டம். 18 அங்குலத்துக்கு ஒடுங்கி நிக்கும், தலை போகேக்க இழுபட்டுக் குடுக்கும்.

ஊசிமுனை:

இன்னொண்டு, வட்டத்துக்கு வட்டம் வேலையைத் திருப்புறீங்களோ? திருப்பாமல் ஒரே பக்கமாப் போனா வலக்கைக்காரருக்கு ஒவ்வொரு தையலும் கீழ உள்ளதுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாத்தான் இருக்கும். ஒரு வட்டத்தில தெரியாது. 20 வட்டத்தில ரக்லன் கோடு நாலும் சரிஞ்சு நிக்கும், உடம்பு நீண்டாப் பிறகு முழுச் சுவெற்றரும் ஒரு பக்கமா முறுகும். சிலிப் தையலில சேர்த்து, செயின் போட்டு, ஒவ்வொரு வட்டமும் திருப்புங்கோ. சரிவு போய்விடும். கையைத் தொடங்கேக்கயும் யோக்கின்ர கடைசி வட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில தொடங்குங்கோ, அப்பதான் யோக்கும் கையும் ஒரே தோற்றமா இருக்கும்.

வட்டம் சேருற இடத்தைப் பின் நடுவில வைக்க வேண்டாம், கோடு பளிச்செண்டு தெரியும். பின்பக்க ரக்லன் மூலையில வையுங்கோ. கை பிரிச்சாப் பிறகு கக்கத்துக்கு மாத்துங்கோ.

நூலைப் பற்றியும் சொல்லவேணும். இந்த அளவில யோக்கில இருக்கிற தையல் முழுச் சுவெற்றரின்ர தையலில கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. யோக் முடிஞ்ச உடன சமையல் தராசில நிறுத்துப் பாத்து நாலால பெருக்குங்கோ, பட்டிக்கும் சேர்த்துக் காணும். 8 பிளை அக்ரிலிக் எண்டா 500 இல இருந்து 600 கிராமுக்குள்ள வரும். சாயத் தொகுதி இலக்கம் பாத்து ஒரே தரமா வாங்குங்கோ. டவுணில அதே நிறம் திரும்பக் கிடைச்சாலும் தொகுதி மாறினா நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு வரை விழும்.

அளவுத் துண்டை (4 அங்குலத்துக்கு எத்தினை தையல் எண்டு பாக்கப் பின்னின சின்னத் துண்டு) தோய்ச்சுக் காயவிட்டுத்தானே அளந்தனீங்கள்? இல்லாட்டி முதல் அதைச் செய்யுங்கோ. எங்கட கிணத்துச் சுண்ணாம்புத் தண்ணியில கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, நூலில படிஞ்சு விறைப்பா நிக்கும். கொஞ்சம் திரவச் சவர்க்காரம் போட்டு நல்லா அலசுங்கோ. கொடியில போடாமல் பாயில விரிச்சு நிழலில காயவிடுங்கோ. அயன் பெட்டி கிட்டவும் வேண்டாம், சூடு பட்டா அக்ரிலிக் துவண்டு போகும், பேந்து பழைய நிலைக்கு வராது.

செம்பருத்தி:

கனக்க நன்றி. திருப்பாமல்தான் போனனான், இப்ப விளங்குது கோடு ஏன் சரிஞ்சது எண்டு. மச்சாளிட்ட அளவு கேட்டிருக்கிறன். கடைசியா ஒண்டு: கை பிரிக்கிற இடத்தில கக்கத்தின்ர ரெண்டு முனையிலயும் ஓட்டை விழும் எண்டு சொல்லுறாங்கள். நூலால தைச்சு மூடுறதோ? கையை எப்பிடி ஒடுக்கிறது?

நூல்கண்டு:

தைச்சு மூட வேண்டாம், அந்த இடம் முடிச்சா நிண்டு கக்கத்தில உரசும். பின்னேக்கயே மூடுங்கோ.

கை பிரிக்கேக்க பின்பக்கத்து 64 ஐ முடிச்சு, கையின்ர 50 ஐயும் விட்டுட்டு, கக்கத்துக்கு 10 போட்டு முன்பக்கத்தில தொடருங்கோ. அந்த 10 ஐயும் செயினாப் போடாமல், கைவேலை அக்கா கழுத்துக்குச் சொன்ன அதே அடித்தள டபிளாப் போட்டா கக்கம் விறைக்காது.

கைக்கு நூலைக் கக்கத்தின்ர நடுவில தொடுங்கோ. அடியில 5 தையல் எடுத்தவுடன முனை வரும். அதில கக்கத்தின்ர கடைசித் தையலுக்கும் யோக்கின்ர முதல் கைத் தையலுக்கும் இடையில ஒரு டபிள் உயரத்துக்கு வெறும் பக்கம் இருக்கு. அதுதான் ஓட்டையாகிற இடம். அந்தப் பக்கத் தூணுக்குள்ள பாதி டபிள், யோக்கின்ர மூலைச் செயினுக்குள்ள பாதி டபிள், ரெண்டையும் சேர்த்து ஒண்டா முடியுங்கோ. தூணைச் சுத்தி எடுக்காமல் தூணின்ர இழைக்குள்ளயே ஊசியை விடுங்கோ, சுத்தி எடுத்தா ஓட்டை பெருக்கும். மற்ற முனையிலயும் அதே மாதிரி. இதால முதல் வட்டத்தில 62 நிக்கும். அடுத்த வட்டத்தில அந்த ரெண்டு தையலையும் பக்கத்துத் தையலோட சேர்த்துக் குறைச்சா 60.

கை நீளம் 17 எண்டு வைச்சா பட்டிக்கு 2, மிச்சம் 15 அங்குலம், 34 வரிசை. முதல் 4 குறைக்காமல். பிறகு ஒவ்வொரு மூண்டாவது வட்டத்திலயும் கக்கக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு குறையுங்கோ, 10 தரம். 40 தையலில நிக்கும், அது 10 அங்குலம், பட்டி அதை இன்னும் ஒடுக்கும்.

சின்ன வட்டத்தில கை தன்ர பாட்டில இறுகும், வியர்வைக் கையில அக்ரிலிக் இன்னும் இறுகும். பத்து வரிசை போனவுடன அகலத்தை அளந்து பாருங்கோ. ஒடுங்கிச்சுதெண்டா கைக்கு மட்டும் 4.5 மி.மீ ஊசி எடுங்கோ. ரெண்டு கையையும் ரெண்டு நூற்பந்தில ஒண்டா நடத்தினா நீளமும் குறைப்பும் ஒத்து வரும்.